மல்லிகாவுக்கு, கொடைக்கானலிலிருந்து

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்தி எட்டு வைத்து நடக்கிறாள் என்று படித்ததும் அவளை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது. இங்கே நாலு நாளாக விடாத மழை, துவைத்த துணி எதுவும் காயவில்லை, நாயுடுபுரம் ஏற்றத்தில் எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்கு மஞ்சு.

சரி, வெறும் வயிற்றில் நடக்கலாமா, எடை தூக்கி முடித்த அரை மணிக்குள் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டுமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று உன் தங்கை சொல்வதை நானும் ஒரு வருடம் நம்பி, டிசம்பர் குளிரில் விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் ஏரியைச் சுற்றினேன்டி, ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர். அந்த ஒரு மணி நேரத்தில் உடம்பு கொழுப்பைக் கொஞ்சம் கூடுதலாக எரிக்கிறது என்பது உண்மைதான், ஆனால் மீதி நாளில் அது சரிக்குச் சரியாகிவிடுகிறது. 2014-ல் வந்த ஓர் ஆய்வில் 20 இளம்பெண்களை இரண்டு குழுவாக்கி, எல்லோருக்கும் குறைந்த கலோரி உணவு கொடுத்து, வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு குழு வெறும் வயிற்றில், இன்னொன்று சாப்பிட்டுவிட்டு. நாலு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் எடையும் கொழுப்பும் ஒன்றுபோலத்தான் குறைந்திருந்தன. சின்ன ஆய்வு, நாலே வாரம். ஆனாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது, ஏனென்றால் அந்த வருடம் நான் பசியோடு வீடு திரும்பி ஆறு இட்லி சாப்பிட்டேன், எடை அசையவே இல்லை. இப்போது கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஒரு மலைவாழைப்பழம். கால் தெம்பாக இருக்கிறது, திரும்பி வந்து நிதானமாகச் சாப்பிட முடிகிறது. உனக்கு வெறும் வயிறு ஒத்துக்கொண்டால் அப்படியே நட, தப்பில்லை.

உன் வீட்டுக்காரர் விஷயம் வேறு. அவர் சுகருக்கு கிளிமிபிரைட் மாத்திரை எடுக்கிறார் என்று எழுதியிருந்தாய், அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். டாக்டரிடம் கேட்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு போகாதே, சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

அப்புறம் அந்த அரை மணிக் கணக்கு. நான் போகிற ஜிம்மிலும் ஒரு பயிற்சியாளர், எடை தூக்கி முடித்த அரை மணிக்குள் புரதப் பவுடர் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று பயமுறுத்தினார். 2013-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், நேரத்தைவிட நாள் முழுக்க எவ்வளவு புரதம் என்பதுதான் முக்கியம் என்று கண்டார்கள். பயிற்சிக்கு இரண்டு மணி முன்னால் நன்றாகச் சாப்பிட்டிருந்தால், முடித்த பிறகு ஓடி ஓடிக் குடிக்க ஒன்றுமில்லை. நிறைய சாப்பிட்ட உடனே மட்டும் எடை தூக்காதே, எனக்கு நெஞ்சைக் கரித்துக்கொண்டு வந்தது.

நமக்கு உண்மையான சிக்கல் அளவில் இருக்கிறது, மல்லிகா. ஐ.சி.எம்.ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சாதாரண ஆளுக்கு உடம்பு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. தசை ஏற வேண்டும் என்று எடை தூக்குகிறவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது என்று 2018-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். என் 60 கிலோவுக்கு அது 96 கிராம். மூன்று நாள் சாப்பிட்டதை நோட்டில் எழுதிக் கூட்டினேன், ஒரு நாளைக்கு 40 கிராம்கூடத் தேறவில்லை! காலையில் இட்லி, மதியம் சோறும் சாம்பாரும், ராத்திரி மிச்சம் இருந்தது. எல்லோருக்கும் முட்டையும் மீனும் பரிமாறிவிட்டு, சட்டியை வழித்துக் குழம்பும் சோறுமாகக் கடைசியில் உட்காருகிறவர்கள் நாம். உன் அம்மாவும் அப்படித்தான், முழங்கால் பலமில்லாமல் கடைசியில் பட்ட பாட்டை நீதானே பக்கத்திலிருந்து பார்த்தாய்.

இப்போது காலையில் இரண்டு முட்டை, அதிலேயே 12 கிராம் வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பட்டர் பீன்ஸ் வாங்கி, மலைப்பூண்டு தட்டிப் போட்டு மதியத்துக்குக் கூட்டு. சாயங்காலம் எடை தூக்கிவிட்டு வந்து ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், ராத்திரி கோழியோ பன்னீரோ. 96 எல்லா நாளும் வருவதில்லை, 80 வருகிறது. சோற்றை ஒரு கரண்டி குறைத்தேன், எடை மெதுவாக இறங்குகிறது, கேஸ் சிலிண்டரை நானே நகர்த்துகிறேன்.

நீயும் மூன்று நாள் எழுதிப் பார்த்து, அந்தக் கணக்கை அப்படியே எனக்கு அனுப்பு. மே மாதம் வருகிறாய் அல்லவா, அதுவரை உனக்குத் தனியாக இரண்டு முட்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும்.

உன்,
சாந்தி