கை நீட்டும் தூரத்தில் யானை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில் வால்பாறையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எங்கள் ஊரின் பெயரைத் தங்கள் இதழில் பார்த்த மகிழ்ச்சியில் முதல் முறை. அதில் இருந்த ஒரு வரி மனத்தை உறுத்தியதால் இரண்டாம் முறை. தேயிலைத் தோட்டத்தின் நடுவே இருக்கும் காட்டேஜின் வராந்தாவில் அமர்ந்து, காபி குடித்தபடியே, கை நீட்டும் தூரத்தில் யானைக் கூட்டத்தைக் கண்டு ரசிக்கலாம் என்பதே அந்த வரி. நான் இங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் பிறந்து, தோட்டத்துப் பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். யானை அவ்வளவு அருகில் வந்து நிற்பது ரசிக்கும் விஷயமாக எங்கள் லைனில் யாருக்கும் இருந்ததில்லை.

தங்களுக்குத் தெரியாதது அல்ல. 1890களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் காட்டை வெட்டிப் போட்ட தோட்டங்கள்தாம் இவை. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், நடுவில் தேயிலை. பகலெல்லாம் ஆற்றோரத்து மரங்களுக்குள்ளும், மிச்சமிருக்கும் சோலைத் துண்டுகளிலும் ஒதுங்கி நிற்கும் யானைகள், இருட்டிய பிறகு தேயிலைக்குள் இறங்கி அடுத்த சோலைக்கு நடக்கின்றன. அவை எங்கே நிற்கின்றன என்று கைப்பேசிக்குத் தகவல் வருவதும், கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிவதும், விளக்கைப் பார்த்தால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவதும் எங்கள் அன்றாடம். இங்கே யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலானோர், யானை பக்கத்தில் நிற்பது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்களே. மாலைப் பேருந்தை விட்டு இறங்கி மூடுபனியில் லைனை நோக்கி நடக்கும் பெண்களுக்கு அந்தச் சிவப்பு விளக்கு எப்படிப்பட்ட துணை என்பதைக் கட்டுரையாளர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். யாரும் சொல்ல மறுத்திருக்க மாட்டார்கள்.

நான் வேலையில் இருந்த கடைசி ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கு மேலே, மேட்டில், புதிதாக ஒரு காட்டேஜ் வந்திருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு அங்கே தங்கியவர்கள் தீ மூட்டி, பெரிய விளக்குகளைப் போட்டு, ஒலிபெருக்கியில் பாட்டு வைத்திருந்தார்கள். வழக்கமாக அந்த மேட்டைச் சுற்றி ஆற்றுக்கு இறங்கும் யானைக் கூட்டம் அன்று இறங்க முடியாமல் திரும்பி, பள்ளிப் பக்கம் வந்துவிட்டது. விடிந்தபின் நாங்கள் போய்ப் பார்த்தபோது சத்துணவுக் கூடத்தின் பின்சுவர் இல்லை. அரிசியும் பருப்பும் செங்கல் தூளோடு கலந்து, நனைந்த தரையில் கிடந்தன. உப்பு வைத்திருந்த வாளி நசுங்கித் தகடாகியிருந்தது. எஞ்சியிருந்த பக்கச் சுவரில், என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், தும்பிக்கை உரசிய ஈரமண் தடம் இருந்தது. சமையல்கார அம்மா அந்தப் பருப்பை முறத்தில் அள்ளிப் புடைக்கத் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. காட்டேஜ்காரர்கள் மதியம் கிளம்பிப் போனார்கள். அவர்களுக்கு அது மறக்க முடியாத விடுமுறையாக இருந்திருக்கும்.

இதே கட்டுரை இரவு ஜீப் சவாரியையும் இரவுத் தீயையும் செய்து பார்க்க வேண்டியவை என்று சிபாரிசு செய்கிறது. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயர் வீசப்பட்டுக் காது கருகி யானை இறந்தபோது தாங்கள் எழுதிய தலையங்கத்தை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். விடுதிகளால் விலங்குகளுக்கு நேரும் துன்பத்தை அன்று அவ்வளவு உருக்கமாக எழுதிய அதே இதழா இது என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. பலாப்பழத்தையும் உப்பையும் வைத்து யானையை வரவழைக்கும் இடங்களும் இருக்கின்றன. இரைகாட்டி இழுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குச் சமம். வராந்தாவுக்கு யானை வரும் என்று உறுதி கூறுகிறவர்களிடம், அது ஏன் வருகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் இத்தனை நாள் மனத்திலேயே வைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் வாசகர் புகைப்படப் பகுதியில், புதுத்தோட்டத்துச் சாலையோரம் சிங்கவால் குரங்கு ஒன்று சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கும் படத்துக்குப் பரிசு கொடுத்தீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழாத, மரத்தின் உச்சியிலேயே காலம் கழிக்க வேண்டிய குரங்கு அது. கீழே இறங்காமல் சாலையைக் கடப்பதற்கென்றே மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். பொட்டலத்துக்காக இறங்கி, வண்டியில் அடிபட்டுக் கிடந்த தாயின் வயிற்றைக் குட்டி விடாமல் பற்றியிருந்ததை நான் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் பிழை.

யாரும் வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அண்ணன் மகள் ஒரு காட்டேஜில் சமையல் வேலை பார்த்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். அந்த இடத்தில் ஆறு மணிக்கு மேல் யாரையும் வெளியே விடுவதில்லை, வெளி விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள், குப்பையைத் திறந்து போடுவதில்லை. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்கள், ஒன்பதாம் வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தினால் பாறைமேல் வரையாடு நிற்பதைப் பார்க்கலாம். காலையில் சோலைக்கு மேலே இருவாச்சி பறந்தால் அதன் சிறகொலி தேயிலைக்குள் நிற்பவர் காதுக்கும் எட்டும். யானையைக்கூட எதிர்மேட்டில் தொலைவில் நின்று, அதற்கு இடைஞ்சல் இல்லாமல், வெகுநேரம் பார்க்க முடியும். இவற்றுக்கு அந்தக் கட்டுரையில் அரை வரிகூட இல்லாததுதான் என் ஆதங்கம்.

நான் கேட்பது சிறிய உதவி. அடுத்த இதழில், அதே பக்கத்தில், ஒரு கட்டம் போட்டு நான்கு விஷயங்களை வெளியிடுங்கள்: 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு வர இ-பாஸ் வேண்டும், இருட்டிய பின் வெளியே நடக்கவோ விலங்கு தேடி வண்டியில் சுற்றவோ கூடாது, எந்த விலங்குக்கும் தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது, சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த வழியே போகக் கூடாது. கை நீட்டும் தூரம் என்று அச்சிட்டது தவறு என்றும் ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவளாக இருப்பேன். இடம் போதாதென்றால் என் கடிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள், அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வால்பாறை.