கும்மி வட்டத்துக்கு ஒரு கயிறு கட்டுங்கள்

மதிப்பிற்குரிய அம்பலகாரர் ஐயா அவர்களுக்கும், திருவிழாக் கமிட்டியாருக்கும், இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும் வணக்கம்.

திருவிழாவின் இரண்டாம் நாள் இரவு, ஊர்ப் பொதுவிடமான மந்தையில், ஒலிபெருக்கி பாக்ஸுக்கு முன்னால் ஆடிய பையன்களின் கூட்டம் எங்கள் கும்மி வட்டத்தின்மேல் வந்து மோதியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கூடிப் பேசி முடித்துவிட்டதாக நினைக்கிறீர்கள். முடியவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

அன்று நீங்கள் கூடியது உடைந்த முளைப்பாரிச் சட்டிக்காக. சட்டி உடைந்தால் ஊருக்கு ஆகாது என்று பூசாரியைக் கூப்பிட்டுக் குறி கேட்டீர்கள், பரிகாரம் செய்தீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. இருட்டு அறையில் வைத்து, விரதமிருந்து, நவதானியத்தை முளைக்கவைத்து வளர்த்தவர்கள் நாங்கள்; அந்தச் சட்டியின் அருமை எங்களுக்குத் தெரியாதா? ஆனால் அதே தள்ளலில் பாட்டுச் சொல்லும் அத்தையின் வலது மணிக்கட்டும் முறிந்தது. கையைத் துண்டில் சுற்றி, பைக்கில் நடுவே உட்காரவைத்து மேலூருக்குக் கூட்டிப்போனோம். கூட்டத்தில் அவர் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. இன்றும் மாவுக்கட்டோடுதான் இருக்கிறார். இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். கொண்டை போட்டுக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறார். களை எடுக்கப் போக முடியாததால் கூலியும் இல்லை.

கும்மி தெரியாதவர்களுக்கு இது ஏன் நடக்கிறது என்று புரியாது. நடுவில் முளைப்பாரி, எங்கள் முகமெல்லாம் அதைப் பார்த்துத்தான். குனிந்து ஓரடி உள்ளே வைத்துக் கொட்டுவோம், நிமிர்ந்து பின்வாங்கிக் கொட்டுவோம். முதுகுப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. குனிந்திருக்கும்போது பின்னாலிருந்து ஒரு முட்டு முட்டினால் ஊன்றக் கை இருக்காது. இரண்டு கையும் கொட்டுவதிலேயே இருக்கும். பாக்ஸுக்கு முன்னால் ஆடும் பையன்களும் அப்படித்தான். பாக்ஸைப் பார்த்தபடியே ஒருவன் தோளில் ஒருவன் கைபோட்டுக் குதித்துக்கொண்டு பின்னாலேயே நகர்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நெருங்கினால் என்ன ஆகும்? அன்று வந்து மோதிய பிள்ளை கெட்டவன் அல்ல. அவனை யாரோ தள்ளினார்கள், தள்ளியவனை வேறொருவன் தள்ளினான். அதனால்தான் யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. கும்மி வட்டத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டுங்கள் என்கிறேன்.

கயிறு நம் ஊருக்குப் புதிதல்ல. காசு கொடுத்துக் கூட்டிவரும் கரகாட்டத்துக்குக் கயிறு கட்டுகிறீர்கள். ஆடல் பாடல் மேடைக்குச் சவுக்குக் கட்டை நட்டுத் தடுப்பு வைக்கிறீர்கள். ஜல்லிக்கட்டு என்றால் வாடிவாசலிலிருந்து இரட்டைத் தடுப்பு. திருவிழாவுக்கென்று குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுத்த வீடுகளின் பெண்கள் ஆடும் இடத்துக்கு மட்டும் ஏன் எதுவுமே இல்லை?

பாக்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அத்தை ஓரடி பாடினால் நாங்கள் வாங்கிப் பாடுவோம். அந்தப் பாட்டில்தான் எங்கள் காலடி நிற்கிறது. பாட்டுக் கேட்காவிட்டால் ஒருத்தி முந்துகிறாள், ஒருத்தி பிந்துகிறாள், எங்களுக்குள்ளேயே இடித்துக்கொள்கிறோம். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழாவுக்கென்று சிறப்பு அனுமதி வாங்கினாலும் 12 மணியோடு சரி. நம் மந்தையில் அந்த விதிப்படி எந்த வருடமாவது நடந்திருக்கிறதா?

நெரிசல் விளையாட்டல்ல. 2022 சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று கூட்ட நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். மதுரை முழுக்கக் கலங்கியது. வைகைக் கூட்டம் எங்கே, நம் மந்தை எங்கே என்று கேட்பீர்கள். கீழே விழுந்து மிதிபடுகிறவருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை.

ஒயிலாட்டம் பழக்கிய வாத்தியார் இருந்த காலத்தில் துணியை வீசினால் பக்கத்து ஆள்மேல் படக்கூடாது. பட்டால் வரிசையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கம் போய்விட்டது. குடித்துவிட்டு வருகிறார்கள், ஷூ காலோடு வெறுங்கால் பெண்களுக்கு நடுவே புகுகிறார்கள், சேலை ஓரத்தில் சரவெடியைக் கொளுத்துகிறார்கள். ஏதாவது கேட்டால், "திருவிழான்னா அப்படித்தான் அக்கா." இதற்குப் பயந்து தன் மகளைக் கும்மிக்கு அனுப்ப மறுத்த தாய்மார் இந்த வருடமே இருந்தார்கள். பேனரில் அத்தனை பேர் படம் போடுகிறீர்களே, முளைப்பாரி எடுக்கும் ஒரு பெண்ணின் பெயராவது அதில் உண்டா? திருவிழாக் கணக்கு படிக்கும் கூட்டத்தில் எங்களுக்கு உட்கார இடம் உண்டா?

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். பையன்கள் ஆடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். பாக்ஸை மந்தையின் மேற்கு ஓரத்துக்கு மாற்றுங்கள். கும்மி நடக்கும் நேரம் மட்டும் அதை நிறுத்திவையுங்கள். வட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, குடிக்காத நான்கு தம்பிகளைக் காவலுக்கு நிறுத்துங்கள். கயிற்றுக்கும் கம்புக்கும் ஆகிற செலவை நாங்களே தருகிறோம்.

அடுத்த திருவிழாவை அறிவிக்கும் சாமி சாட்டுக்கு முன் வரி பேசக் கூடும்போது எங்களில் சிலர் வருவோம். அன்று எங்களையும் உட்காரவைத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன், கமிட்டியிலிருந்து யாராவது ஒருவர் அத்தை வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
முளைப்பாரி எடுக்கும் பெண்களில் ஒருத்தி