கேம்ப் நூவில் வாங்கிய மூன்றும் வருகிற செவ்வாயும்

3 மே 2019

அன்புள்ள மாப்ள,

புதன்கிழமை கேம்ப் நூ மைதானத்தில், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் நம் லிவர்பூல் பார்சிலோனாவிடம் 3-0 தோற்ற கையோடு நீ அனுப்பிய செய்தியை இதுவரை பத்துத் தடவையாவது படித்திருப்பேன். "எல்லாம் முடிஞ்சுது, மானம் போச்சு, இனிமே இவங்களுக்காக ராத்திரி கண் முழிக்க மாட்டேன்." உடனே பதில் எழுத மனசு வரவில்லை, எழுதியிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து திட்டித் தீர்த்திருப்பேன். அதனால் ஒரு நாள் ஆறப் போட்டுவிட்டு, நேற்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு மொத்த ஆட்டத்தையும் முதல் விசிலிலிருந்து மறுபடி பார்த்தேன். ஸ்கோர் தெரிந்து பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை, அப்போது கண்ணில் படாததெல்லாம் இப்போது படுகிறது. பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ சொன்னது தப்பு. மூன்று கோல் வாங்கித் தோற்றோம், அது உண்மை. மானம் போகிற மாதிரி நாம் ஆடவே இல்லை.

அதற்கு முன்னால் வீட்டு விஷயம். அம்மா இப்போது ஊன்றுகோல் இல்லாமலே நடக்கிறாள், முழங்கால் வலி பெரும்பாலும் விட்டுவிட்டது, உன்னைத்தான் அடிக்கடி விசாரிக்கிறாள். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்தது. சின்னவன் உன் புது வேலை எப்படிப் போகிறது என்று கேட்கச் சொன்னான், அதாவது உனக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று அர்த்தம். அவனும் என்னோடு விழித்திருந்து ஆட்டத்தைப் பார்த்தான். கடைசி விசில் அடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டான், போர்வைக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பதினொரு வயதில் இவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொண்டதே என்று எனக்குச் சங்கடமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

மானம் போன ஆட்டம் என்றால் அது போன அக்டோபரில் நேப்பிள்ஸில் நடந்தது. தொண்ணூறு நிமிடமும் ஓடி எதிராளியின் கோல் கீப்பர் கையை நனைக்கிற மாதிரி ஒரு ஷாட்கூட அடிக்காமல், கடைசி நிமிடத்தில் இன்சீன்யேவிடம் கோல் வாங்கி வந்தோமே, அது. அடுத்த மாதம் பெல்கிரேடில் ரெட் ஸ்டாரிடம் 2-0, அதன் பிறகு பாரிஸில் 2-1. குரூப் சுற்றில் வெளி மைதானத்தில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோற்ற அணி இது, மறந்துவிட்டாயா? அன்றைக்கெல்லாம் நம் ஆட்கள் பந்து காலுக்கு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறினார்கள். டிசம்பரில் நம் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் சலா அடித்த ஒரே கோலும், கடைசியில் மிலிக்குக்கு எதிராக நம் கீப்பர் அலிஸன் காலை நீட்டிக் காப்பாற்றியதும் இல்லாவிட்டால் அத்தோடு நம் கதை முடிந்திருக்கும். அங்கிருந்து மார்ச்சில் மூனிக் போய் பயர்னை 3-1 என்று அடித்தோம், போர்ட்டோவில் 4-1 அடித்தோம். வெளி மைதானத்தில் பயப்படாமல் ஆடக் கற்றுக்கொண்ட அணியைத்தான் புதன்கிழமையும் பார்த்தேன். 98,000 பேருக்கு மேல் கத்துகிற இடத்தில், பார்சிலோனாவிடமிருந்து பந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியின் முதல் கால் மணி நேரம் அவர்களை அவர்களுடைய கோல் வாசலிலேயே அடைத்து வைத்தோம். அங்கே போய் அப்படி ஆடுகிற அணிகள் எத்தனை, நீயே சொல்.

நீ நம் கோச் க்ளாப்பைத் திட்டியிருந்தாய். ட்ரென்ட்டை உட்கார வைத்துவிட்டு கோமஸை ரைட் பேக்கில், அதாவது வலது ஓர டிஃபென்டராக, இறக்கினார், ஃபிர்மினோ இடத்தில் வைனால்டமை நிறுத்தினார் என்று. ஃபிர்மினோவுக்குத் தசைப்பிடிப்பு, முழு ஆட்டம் தாங்கமாட்டான், அதில் க்ளாப்பைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் வைனால்டமை அங்கே நிறுத்தியது பலிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஃபிர்மினோ கீழே இறங்கி வந்து பந்தை வாங்கும்போது ஒரு டிஃபென்டர் கூடவே வருவான், அந்த இடைவெளியில்தான் மானேயும் சலாவும் உள்ளே ஓடுவார்கள். வைனால்டமும் இறங்கி வந்தான், ஆனால் பிக்கேயும் லாங்லேயும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, கூடப் போக வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. இதை மறுபடி பார்க்கும்போதுதான் கவனித்தேன். நடு மைதானம் வரை எல்லாம் நன்றாகப் போகிறது, கடைசி இருபது கஜத்தில் ஒரு ஆள் குறைகிற மாதிரியே இருந்தது.

கோமஸ் விஷயத்தில் நீ சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. டிசம்பரில் கால் எலும்பு முறிந்து ஏப்ரலில்தான் திரும்பியவன், அவனைக் கேம்ப் நூவில் இறக்குவது பெரிய சோதனைதான். டிஃபென்ஸில் அவன் சொதப்பவில்லை. ஆனால் வலது ஓரத்திலிருந்து ட்ரென்ட் போடுகிற அந்தக் கிராஸ் நமக்கு அன்றைக்கு இல்லாமல் போனது. நானாக இருந்தால் ட்ரென்ட்டைத்தான் இறக்கியிருப்பேன்.

முதல் கோலைப் பற்றி ஒன்று சொல்லணும். 24-வது நிமிடத்தில் கெய்ட்டா காயத்தோடு வெளியே போனான், ஹெண்டர்சன் வந்தான். 26-வது நிமிடத்தில் கோல். இடப்பக்கத்திலிருந்து ஆல்பா தரையோடு ஒரு பந்தை உள்ளே விட்டான், நம் டிஃபென்டர்கள் வான் டைக்குக்கும் மாட்டிப்புக்கும் நடுவில் சுவாரெஸ் வழுக்கிக்கொண்டு வந்து காலை வைத்தான். "வான் டைக் தூங்கிட்டான்" என்று எழுதியிருந்தாய். நான் அந்த இடத்தை ஆறு முறை ஓட்டிப் பார்த்தேன். ஆல்பா பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே சுவாரெஸ் ஓட ஆரம்பித்துவிட்டான், இருவருமே மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்த அரை நொடி அது. இந்த சீசன் முழுக்க சாம்பியன்ஸ் லீக்கில் ஒரு கோல்கூட அடிக்காதவன், முதல் கோலை நம் மேல் வைத்தான். அதை அவன் கொண்டாடிய விதம் உனக்கு வலித்திருக்கும், எனக்கும் வலித்தது, ஒரு காலத்தில் அவன் பெயரைச் சொல்லி நாம் போட்ட ஆட்டம் கொஞ்சமா? ஆனால் அவன் எப்போதுமே அப்படித்தான், நம் சட்டையில் இருந்தபோது அதையேதான் ரசித்தோம்.

பத்து நிமிடம் கழித்து ஹெண்டர்சன் டிஃபென்ஸுக்கு மேலே தூக்கிப் போட்ட பந்து, மானே தனியாக, கோல் கீப்பர் மட்டும் எதிரே. மேலே அடித்துவிட்டான். என்னைக் கேட்டால் ஆட்டம் அங்கேதான் நழுவியது. இந்த சீசனில் மானே இருக்கிற ஃபார்முக்கு அது பத்தில் எட்டு முறை உள்ளே போகும். அது 1-1 ஆகியிருந்தால், வெளி மைதானத்தில் அடித்த ஒரு கோல் கையில் இருந்தால் (இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கோல் சமமானால் வெளியே அதிகம் அடித்தவர்கள்தானே மேலே), இன்றைக்கு இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். இரண்டாம் பாதியில் மில்னரின் ஷாட் ஒன்று, சலாவின் ஷாட் ஒன்று, மறுபடி மில்னர், மூன்றையும் அவர்கள் கீப்பர் டெர் ஸ்டேகன் பிடித்தான். சலாவுடையதுதான் அருமையான சேவ், தரையோடு மூலைக்குப் போன பந்து அது. மில்னர் இரண்டாவதாக அடித்தது நேராகக் கீப்பர் மேலேயே போனது, அந்த இடத்திலிருந்து அப்படி அடிக்கக் கூடாது, அவனே அதை மறந்திருக்கமாட்டான்.

அப்புறம் பார்சிலோனா கோச் வால்வெர்டே ஒரு வேலை செய்தார், அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். 60-வது நிமிடத்தில் குட்டின்யோவை வெளியே எடுத்துவிட்டு செமேடோவை ரைட் பேக்காக இறக்கி, செர்ஜி ராபர்ட்டோவை மிட்ஃபீல்டுக்கு நகர்த்தினார். சொந்த மைதானத்தில் 1-0 என்று முன்னால் இருக்கும்போது, அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆளை எடுத்துவிட்டு ஒரு டிஃபென்டரை உள்ளே விட்டார் என்றால் நாம் எவ்வளவு நெருக்கினோம் என்று பார்த்துக்கொள். அதிலிருந்து ராபர்ட்சன் பக்கம் நமக்கு அடைபட ஆரம்பித்தது. இரண்டாவது கோலுக்கும் அதே ராபர்ட்டோதான் உள்ளே ஓடி வந்தான், பந்து சுவாரெஸ் முழங்காலில் பட்டு மேல் கம்பியில் மோதி, திரும்பி நேராக மெஸ்ஸி நெஞ்சுக்குப் போனது. கம்பியில் பட்ட பந்து யாரிடம் போகும் என்று யாரும் திட்டம் போட முடியாது. ஆனால் மெஸ்ஸி நிற்கிறானே, அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவனுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

82-வது நிமிடத்தில் மெஸ்ஸி அடித்த ஃப்ரீ கிக்கைப் பற்றி என்ன சொல்ல. அலிஸன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவன் முழு நீளத்துக்குப் பாய்ந்தான். சுவரைத் தாண்டி வளைந்து மேல் மூலையில் போய் உட்கார்ந்தது. பார்சிலோனாவுக்காக மெஸ்ஸி அடித்த 600-வது கோல் அது. முதல் கோலை அடித்தது 2005 மே 1, இதை அடித்தது 2019 மே 1. சரியாகப் பதினான்கு வருடம். எதிரணி என்பதையும் மறந்து நானும் சின்னவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படி ஒரு பந்துக்குத் தோற்பதில் எனக்கு வெட்கமில்லை மாப்ள.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு இரண்டு நிமிடம் கழித்து நடந்தது. ஃபிர்மினோ அடித்ததை ராகிடிச் கோல் கோட்டிலேயே நின்று தடுக்கிறான், திரும்பி வந்த பந்து சலா காலுக்கு, கோல் திறந்து கிடக்கிறது, அடித்தான், போஸ்டில் பட்டு வெளியே வந்தது. 3-1 என்றால் செவ்வாய்க்கிழமை ஆன்ஃபீல்டில் நடக்கிற இரண்டாம் ஆட்டத்தில் இரண்டு கோல் போதும். அந்தப் போஸ்ட் நமக்கு இரண்டு கோல் விலை வைத்துவிட்டது. ஆனால் அதே மாதிரி இன்னொன்றையும் நீ நினைத்துப் பார்க்கணும். காயத்துக்கான நேரத்தின் கடைசி நொடிகளில் மெஸ்ஸி தட்டிக் கொடுத்த பந்தை டெம்பெலே தனியாக நின்று அலிஸன் கைக்கே உருட்டிவிட்டானே, மெஸ்ஸி அப்படியே தரையில் விழுந்தான் பார்த்தாயா? அவனுக்குத் தெரியும், மூன்றுக்கும் நான்குக்கும் எவ்வளவு தூரம் என்று. பார்சிலோனாக்காரர்கள் இதை மறக்கமாட்டார்கள். போன வருடம் ஏப்ரலில் கேம்ப் நூவில் 4-1 என்று ஜெயித்துவிட்டு ரோமுக்குப் போய் 3-0 வாங்கி வெளியேறினார்கள். அதற்கும் முந்தின வருடம் பாரிஸில் 4-0 தோற்று, சொந்த மைதானத்தில் 6-1 அடித்து மேலே போனவர்களும் அவர்களேதான். இன்னும் பழைய கதை ஒன்று, 1986-ல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, ஸ்வீடனில் கோத்தன்பர்க்கிடம் 3-0 தோற்றுவிட்டு, தங்கள் இடத்தில் 3-0 திருப்பிக் கொடுத்து பெனால்டியில் ஜெயித்து இறுதிக்குப் போனார்கள். அரையிறுதியில், இதே 3-0. ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு அந்த மைதானத்திலேயே பதில் இருக்கிறது.

கணக்கு கஷ்டம்தான், மறைக்கவில்லை. 3-0 அடித்தால் கூடுதல் நேரம், 4-0 அடித்தால் நாம் மேலே. அவர்கள் ஒன்று போட்டுவிட்டால் நமக்கு ஐந்து வேண்டும். அவர்களுக்கு மெஸ்ஸி இருக்கும்போது பூஜ்யம் என்பது பெரிய ஆசை. ஆனால் க்ளாப் வந்த பிறகு ஐரோப்பிய ஆட்டம் ஒன்றில்கூட ஆன்ஃபீல்டில் நாம் தோற்றதில்லை, இங்கிலீஷ் லீக்கில் அங்கே கடைசியாகத் தோற்றது 2017 ஏப்ரலில். டார்ட்மண்டை 4-3 என்று திருப்பிய அந்த இரவு, போன வருடம் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 31 நிமிடத்துக்குள் மூன்று போட்ட இரவு, இதெல்லாம் அந்த மைதானம் பார்த்தவைதானே. செவ்வாய்க்கிழமை ட்ரென்ட் ஆட வேண்டும், முதல் நிமிடத்திலிருந்தே ஆல்பாவின் பின்னால் கிடக்கிற இடத்தை அடிக்க வேண்டும், பந்து அவர்கள் காலில் இருக்கும்போது புதன்கிழமை போலவே நெருக்க வேண்டும். மாற்ற வேண்டியது ஆட்டத்தை இல்லை, கடைசி ஷாட்டை மட்டும்தான். இதுதான் நான் இரண்டாவது முறை பார்த்ததில் தெரிந்துகொண்டது.

நடுவில் நாளைக்கு லீக்கில் நியூகாசிலோடு ஆட்டம் இருக்கிறது. 91 புள்ளி நமக்கு, சிட்டிக்கு 92, இரண்டே ஆட்டம் பாக்கி. லீக்கில் மொத்த சீசனுக்கும் ஒரே தோல்வி, அதுவும் சிட்டியிடம் ஜனவரியில். இப்படி ஒரு சீசன் ஆடிவிட்டு இரண்டு கோப்பையும் இல்லாமல் போகலாம் என்ற பயம் எனக்கும் இருக்கிறது, 1990-க்குப் பிறகு லீக் பார்க்காத ஏக்கம் வேறு. அந்தப் பயத்தில்தான் நீ அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும்.

2005 மே மாதம் மெஸ்ஸி முதல் கோல் அடித்தான் என்றேனே, அதே மாதம் 25-ம் தேதி நாம் இருவரும் விடுதியில் உட்கார்ந்து இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். மிலானிடம் பாதி நேரத்தில் 3-0. நீ கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாய். ஜெரார்டு தலையால் முட்டி முதல் கோல் போட்டதும் நான் ஓடி வந்து உன்னை எழுப்பினேன், நீ கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து உட்காருவதற்குள் ஸ்மைசரும் அடித்துவிட்டான். ஆறு நிமிடத்தில் மூன்று கோல், அதில் இரண்டை நீ நேரில் பார்க்கவில்லை, அதை இன்றுவரை சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறாய்.

செவ்வாய்க்கிழமை படுக்கப் போனாலும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள். முதல் கால் மணி நேரத்துக்குள் ஒரு கோல் விழுந்தால் கூப்பிடுவேன், எடுக்கிற வரை அடித்துக்கொண்டே இருப்பேன்.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் மாப்ள