தம்பி கல்யாணத்துக்கு எனக்கு எடுக்கும் புடவை

ஸ்கார்பரோ, டொரன்டோ
கார்த்திகை மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த மூன்று பட்டு மாதிரித் துண்டுகளும் வந்து சேர்ந்தன. தம்பிக்குத் தை மாதத்திலேயே தேதி குறித்தது ரொம்ப சந்தோஷம். டெய்லர் மாமா அளவு கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் தைக்க ஆரம்பிப்பதற்குள் இது உன் கைக்கு வர வேண்டுமென்று உடனே எழுதுகிறேன்.

மாம்பழ மஞ்சள் துண்டு வேண்டாம் அம்மா. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் புடவை உடம்பு முழுக்க ஜரிகைப் பூ. சக்கர நாற்காலியிலேயே இருக்கும் எனக்கு இடுப்புக்குக் கீழே உறுத்தல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். முகூர்த்தம், சாப்பாடு, போட்டோ என்று நாள் முழுக்க அந்த ஜரிகை மேல் உட்கார்ந்திருந்தால் தோல் சிவந்து புண்ணாகிவிடும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடக்கணும். கரும்பச்சை உடம்பு, அரக்கு பார்டர் போட்ட துண்டையே எடு. உடம்பு பிளெய்னாக இருக்கட்டும், பார்டரும் முந்தானையும் எவ்வளவு ஜரிகையாக இருந்தாலும் சரி.

இனி டெய்லர் மாமாவிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டு. புடவையைப் பாவாடை பாகம், முந்தானை பாகம் என்று இரண்டாக வெட்டித் தைக்க வேண்டும். பட்டை வெட்டுவதா என்று நீ கண்ணில் தண்ணீர் விடாதே. ஐந்தரை மீட்டர் துணியைச் சுற்றிச் சொருகினால் எனக்கு அடியில் இரண்டு மூன்று மடிப்பு சேர்ந்துவிடும், புண் வராமல் காக்கும் நாற்காலி மெத்தை தன் வேலையைச் செய்யாது. பாவாடை பாகம் பின்பக்கம் ஒரே மடிப்புத் துணியாக, முழுசாகத் திறந்து மூடுகிற மாதிரி இருக்கட்டும். கட்டிலில் விரித்து, அதன் மேல் படுத்து, முன்னால் கொண்டுவந்து இடது பக்கம் மாட்டிக்கொள்வேன். மாட்ட பேன்ட் கொக்கி போதும். வெல்க்ரோ வைத்தால் பட்டு நூலை இழுத்துவிடும். கொசுவத்தை ஐந்தாறு மடிப்பாக வைத்து இடுப்பில் தட்டையாகத் தைத்துவிடச் சொல். உள்பாவாடைக்கு நாடா வேண்டாம், அந்த முடிச்சே அழுத்தும். அகல எலாஸ்டிக் போடட்டும். துணி காட்டனாக இருக்கட்டும். வழுக்குகிற சாட்டின் போட்டால் நான் சீட்டில் முன்னால் சரிந்துகொண்டே போவேன்.

நின்றவள் அளவுக்குத் தைத்தால் உட்கார்ந்தவளுக்குச் சேராது. உட்காரும்போது பின்னால் இடுப்பு இறங்கி முதுகு தெரியும், முன்னால் வயிற்று மடிப்பில் துணி குவியும், முழங்கால் மடங்குவதால் கரை மேலே ஏறும். அதனால் பின்பக்க இடுப்பை இரண்டு அங்குலம் உயர்த்தி, முன்பக்கத்தை ஒன்றரை அங்குலம் இறக்கி வெட்டட்டும். நீளத்தை வயிற்று மடிப்பிலிருந்து தொடை மேலாக முழங்கால், அங்கிருந்து கணுக்கால் என்று எடுக்கணும். அப்படி எடுத்த அளவைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கரை கால் வைக்கும் பலகைக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் பட்டைக் கடித்து இழுக்கும்.

முந்தானையை நாம் போடுகிற மாதிரி பின்னால் தொங்கவிட முடியாது, பெரிய சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொள்ளும். நம்ம பம்பாய் மாட்டுங்காவில் குஜராத்திக்காரர்கள் போடுவார்களே சீதாபல்லு, வலது தோளிலிருந்து முன்னால் விழுகிறது, அப்படித்தான் எனக்கு வேண்டும். அதன் முனையை இடது இடுப்பில் மாட்டிவிட்டால் முந்தானையின் ஜரிகை முழுசும் மடியில் விரிந்து நிற்கும். உட்கார்ந்திருப்பவளிடம் பார்க்கிறவர்கள் கண் முதலில் மடியில்தான் விழும். காசு கொடுத்து எடுத்த முந்தானை அங்கே தெரிவதுதான் முறை.

ஜாக்கெட்டுக்கு முன்பக்க ஹூக். பின்னால் முடிச்சும் குஞ்சலமும் வேண்டவே வேண்டாம், சாய்மானத்துக்கும் முதுகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அழுத்தும். சக்கரம் தள்ளித் தள்ளித் தோளும் புஜமும் பெருத்திருக்கின்றன, பழைய அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டினால் முதல் தள்ளிலேயே அக்குள் கிழியும். முதுகு அகலத்தில் ஓர் அங்குலம் கூடுதல், கை நீளம் ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. நீண்ட கை டயரில் உரசி அழுக்காகும்.

வளையல் விஷயத்தில் நீ வருத்தப்படக் கூடாது. கண்ணாடி வளையல், சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கிற தள்ளுவளையத்தில் மோதி உடைந்து கையைக் கிழிக்கும். ஆச்சியின் அந்தத் தடித்த காப்பு இரண்டையும் எடுத்து வை, அதுதான் போடுவேன். கொலுசு வேண்டாம், சாயங்காலத்துக்குள் கால் வீங்கும். பூ எவ்வளவு வேண்டுமானாலும் வை. சடையாகத் தொங்கவிடாமல் கொண்டை போட்டுச் சுற்றிவிட்டால் போதும். மருதாணியை ராத்திரி படுத்த பிறகு போடுவோம், ஈரக் கையோடு தள்ள முடியாது.

நாற்காலியை மறைக்க மடியில் சால்வை போடலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் அம்மா. அதன் பிரேமும் அரக்கு நிறம்தான், அதற்காகவே அந்தப் பட்டைச் சொன்னேன். போட்டோவில் நாற்காலியும் நானும் சேர்ந்தே இருப்போம். யாரும் எனக்கு முன்னால் வந்து நிற்க வேண்டாம், பக்கத்தில் நிற்கட்டும்.

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. பனியில் சின்னச் சக்கரம் புதைந்து நின்றுவிடும், பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தில்தான் ஓட்டணும். சாலையில் உப்புப் போடுகிறார்கள், வீட்டுக்கு வந்ததும் துடைக்காவிட்டால் பேரிங் துருப்பிடிக்கும். தள்ளுவளையம் ஐஸாகக் குளிரும், உள்ளங்கையில் தோல் வைத்த கையுறை போடாமல் வெளியே போவதில்லை. நீளக் கோட்டு போட்டால் அடியில் சுருண்டுகொள்ளும். அதனால் பின்னால் இடுப்போடு நின்று முன்னால் தொடையை மூடுகிற கோட்டாகத் தைத்துக்கொண்டேன். வெளியே போக, நாற்காலியோடு ஏற்றிப் போகிற வீல்டிரான்ஸ் வண்டிக்கு முந்தின நாளே சொல்லி வைக்கணும். வீட்டு வாசலுக்கே வரும், கட்டணம் பஸ்ஸுக்கு உள்ளதுதான்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மம்மா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவருவார். வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே என் சின்னச் சக்கரத்தில் சுற்றியிருக்கும் தலைமுடியைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துவிடுவார். "பிள்ளை, இது உருளாது" என்பார். எடுத்ததை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்கிறார், ஏன் என்று சொல்ல மாட்டார். அதனால் நான் தனியாக இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிக் கவலைப்படுத்தாதே.

பணம் பற்றிக் கேட்டிருந்தாய், எல்லாம் சரியாகப் போகிறது. புது நாற்காலி விலையில் 75 சதவீதத்தை ஒன்டாரியோ அரசுத் திட்டம் கொடுத்துவிட்டது, மீதி 25ஐ மாதாமாதம் கட்டுகிறேன். கல்யாணத்துக்குச் சொன்ன தொகையில் பாதி இப்போது, பாதி தை பிறந்ததும் வரும். தம்பியிடம் சொல்லிவிடு, வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பொங்கலன்று தாராவி 90 அடி சாலையில் வரிசையாக அடுப்பு வைப்பீர்களே, நான் அதற்குள் வந்துவிடுவேனா என்று டிக்கெட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இந்த ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, தெருவில் ஒரு குரல் கேட்காது. நம்ம சந்தில் இந்நேரம் தண்ணீர்க் குடம் இடிக்கிற சத்தமும் ஆட்கள் கத்துவதும் கேட்குமே. அதைக் கேட்டால் போதும் எனக்கு.

சரி, மண்டப விஷயம். என் நாற்காலி பக்கத்துக்குப் பக்கம் 23 அங்குலம், விரலுக்கும் இடம் வேண்டும். கதவு நிலையை அளக்காதே, கதவைத் திறந்து வைத்து மீதி இருக்கும் வழியை அள. 27 அங்குலமாவது இருக்கணும். கழிப்பறைக் கதவையும் லிப்டையும் தம்பியை விட்டு அளக்கச் சொல். வாசலில் ஒரு படி ஆறங்குலம் என்றால் சாய்பலகை ஆறடி நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. மணமேடை இரண்டடி உயரம் என்கிறாய். அதற்கு 24 அடிச் சாய்தளம் அங்கே நிற்காது. நாலு பேர் தூக்கிக்கொண்டு மேடை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. மணவறையைத் தரையிலேயே போடச் சொல்லிப் பெரிய மாமாவை விட்டுப் பெண் வீட்டில் பேசு. முட்டி வலிக்கிற பெரியவர்கள் அவர்கள் பக்கமும் இருப்பார்கள், மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நம்ம வீட்டு ஏணிப்படி எனக்கு ஆகாது. சித்தி வீட்டில் தங்குகிறேன், அந்தப் பில்டிங் லிப்டின் இரும்புக் கிராதியைத் திறந்து அளந்து எழுது. பெண்ணுக்குத் தாலிக்கொடி எத்தனை பவுன் என்று முடிவானதா? அத்தை மனஸ்தாபம் தீர்ந்ததா? அவளுக்கு முதல் பத்திரிகையை நீயும் அப்பாவும் நேரில் போய்க் கொடுங்கள், தம்பி மட்டும் போனால் சரியாக இருக்காது.

அன்புடன்,
உன் மகள்