கயலுக்கு, கடையிலிருந்து அப்பா

அன்பு மகள் கயலுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மேலூர் அத்தைக்கு மட்டும் அந்த வளையல் விஷயத்தில் இன்னும் மனசு ஆறவில்லை. நீ ஒரு வார்த்தை பேசினால் சரியாகிவிடும்.

வாட்ஸப்பில் எழுதினால் நீலக்கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. படித்தாயா இல்லையா என்று ராத்திரி எழுந்து எழுந்து பார்க்க வேண்டியதில்லை.

பத்து நாள் பேசாமல் தியானத்தில் உட்காரும் முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து நீ ரொம்பச் சுருக்கமாகப் பேசுகிறாய். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், காலை நாலு மணிக்கு மணி அடித்துவிடுவார்கள் என்றெல்லாம் முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் போனாய். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பத்தாம் நாளே பேசலாம் என்று விட்டுவிடுவார்களாமே? உனக்கு மட்டும் இன்னும் விடவில்லையோ என்று அம்மா கேட்கிறாள். அம்மாதான் கேட்கிறாள்.

புத்தரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன் என்றாயே, அப்பாவும் ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதே. பழைய புத்தகக் கடையில் கிடைத்ததை வாங்கி வந்து கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். சரக்கு இறங்காத மத்தியானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன்.

உன் சித்தப்பாவுக்கு இது தெரிந்ததும், "புத்தரைப் பார்க்கப் புத்தகம் எதுக்குண்ணே, கீழக்குயில்குடியில உட்கார்ந்திருக்காரே" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஐயனார் கோயிலைத் தாண்டி, தாமரைக் குளத்தைத் தாண்டி, சமணமலையில் செட்டிப்புடவு என்கிற குகை வரை முழங்கால் வலியோடு ஏறினேன். அங்கே படம் வரைந்துகொண்டிருந்த ஒரு காலேஜ் பையன், "ஐயா, இது மகாவீரர். தலைக்கு மேல முக்குடை இருக்கு பாருங்க. புத்தர்னா மேல ஆடை போர்த்தியிருப்பார்" என்றான். சமணமலை, ஆனைமலை, அரிட்டாபட்டி, நம்மைச் சுற்றி இருக்கிற இந்தக் குகையெல்லாம் சமணர்கள் இருந்த இடம். இரண்டு பேரும் ஒரே காலத்தில் பீகார்ப் பக்கம் நடந்து திரிந்தவர்கள்தான், வழிதான் வேறு வேறு. மகாவீரர் வழியில் உடம்பை வருத்துவது பெரிய தவம். புத்தர் அதைச் செய்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டவர். சித்தப்பா இறங்கி வரும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை.

இங்கேதான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 29 வயதில் வீட்டை விட்டுப் போன புத்தர், ஆறு வருஷம் அலைந்தார். பட்டினி கிடந்து, வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு ஆனாராம். இதில் ஞானம் வராது என்று தெரிந்துகொண்டு, சுஜாதை என்ற பெண் கொடுத்த பால்சோற்றை வாங்கிச் சாப்பிட்டார். 35 வயதில் போதிமரத்தடியில் தெளிவு வந்தது அதற்கு அப்புறம்தான். நீ ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாய் என்று உன் ரூமில் இருக்கும் பிள்ளை அம்மாவிடம் சொல்லிவிட்டது. அவளைத் திட்டாதே. மத்தியானத்துக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது பிக்குகளுக்கு, அதாவது துறவிகளுக்கு வைத்த சட்டம். வீட்டில் இருக்கிறவர்கள் பௌர்ணமி, அமாவாசை மாதிரி விரத நாளில் இருந்தால் போதும். ராத்திரி எட்டு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற பிள்ளைக்குத் தினமும் இது எதற்கு? சாப்பிடு.

நம்ம தொழிலைப் பற்றி என்ன சொல்கிறார் என்றும் பார்த்தேன். செய்யக்கூடாத வியாபாரம் ஐந்து: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, விஷம். தானியம் அதில் இல்லை, ஒரு நிம்மதி. கள்ள எடை, கள்ள அளவையும் குற்றத்தில் சேர்த்திருக்கிறார். நம்ம தாத்தா படி இன்னும் கடையில் இருக்கிறது, தலை தட்டாமல் அளந்த படி. கீழமாசி வீதியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார். ஆனால் கொல்லாமை இடிக்கிறது. புழுங்கலரிசியில் வண்டு விழுந்தால் குடோனில் மாத்திரை வைக்கிறோம், எலிக்குப் பொறி வைக்கிறோம். எண்ணம்தான் வினை என்று போட்டிருக்கிறது. வண்டைச் சாகடிக்கும் எண்ணத்தோடுதானே மாத்திரையே வாங்குகிறோம்? உன் முகாமில் இதற்கு என்ன சொன்னார்கள் என்று எழுது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உட்கார்ந்தும் பார்த்தேன். மூச்சை மாற்றக்கூடாது, வந்து போவதை மூக்கு நுனியில் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான் என்கிறார்கள். குண்டூர் வத்தல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கு நுனியைக் கவனித்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்புறம் மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். மனசு துவரம்பருப்பு விலைக்குப் போகிறது. அங்கிருந்து லாரி வாடகைக்கு, அங்கிருந்து உன்னிடம். திருப்பித் திருப்பி மூச்சுக்குக் கொண்டு வருவதுதான் பயிற்சி என்று போட்டிருக்கிறது. கொண்டு வருகிறேன், மறுபடியும் உன்னிடமே போகிறது. இதைப் பத்து நாள் செய்துவிட்டு வந்தாயே, அந்தப் பிடிவாதம் பெரிசுதான். தீபாவளிக்கு அம்மா அவ்வளவு பேசியும் நீ ஒரு எதிர்ச்சொல் பேசவில்லை. அதுவும் இதனால்தான் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எதிர்த்துப் பேசாததும் பேசவே பேசாததும் ஒன்றல்ல.

உளுந்து வாங்க வருவாரே, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், அவர்தான் மணிமேகலையைப் படிக்கச் சொன்னார். எழுதியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். நம்மைப் போலத் தானியக் கடைக்காரர்! அதைக் கேட்டதும் கல்லாவில் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். அந்தக் கதையில் வரும் ஆபுத்திரன் மதுரையில்தான் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர் எல்லாரையும் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிஞ்சியதைத் தான் சாப்பிட்டு, பிச்சை ஓட்டைத் தலைக்கு வைத்துப் படுப்பான். மழைக்காலத்து நடுராத்திரியில் பசியோடு சிலர் வந்து எழுப்புகிறார்கள், கொடுக்க ஒன்றும் இல்லை. அப்போது சிந்தாதேவி எழுந்து வந்து கொடுத்ததுதான் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. இதெல்லாம் நம்ம ஊரில் நடந்ததாகவே எழுதியிருக்கிறார். நீ பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது நான் காது கொடுத்திருக்க மாட்டேன்.

அதில் மணிமேகலையின் அம்மா மாதவிக்கு அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி சொன்ன நாலு வரியைப் பில் புத்தகத்தின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பே ரின்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

துன்பம் இருக்கிறது, அதற்குப் பற்று காரணம், பற்று போனால் துன்பம் போகும், போவதற்கு வழி உண்டு. நீ போனில் சொன்ன நாலு உண்மையும் இதுதானே? கணக்குப் பாடம் மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த மாதவி மகளைக் கட்டிக்கொடுக்கவில்லை. ராஜகுமாரன் பின்னாலேயே வந்தும் அந்தப் பிள்ளை கடைசியில் துறவுக்குத்தான் போனது. ஊர் என்ன சொல்லும் என்று பாட்டி சித்திராபதி புலம்புகிற இடமெல்லாம் எனக்கு மேலூர் அத்தை குரலில்தான் கேட்டது.

கதைதான். சும்மா சொன்னேன்.

இன்னொரு கதையும் சொல்லிவிடுகிறேன். புத்தரானபின் சொந்த ஊர் கபிலவஸ்துவுக்கு வந்தாரே, அப்போது மகன் ராகுலன் பின்னாலேயே போய், எனக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்று கேட்டான். சீடர் சாரிபுத்தரைக் கூப்பிட்டு அவனையும் துறவிகள் சங்கத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டார். தாத்தா சுத்தோதனருக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய் மகனிடம் கேட்டார்: நீ போனபோது எவ்வளவு துன்பம், உன் தம்பி நந்தன் போனபோது எவ்வளவு துன்பம், இப்போது இவனுமா? பிள்ளைப்பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பையும் அறுத்து உள்ளே போகிறது, இனிமேல் தாய் தகப்பன் உத்தரவு இல்லாமல் யார் பிள்ளையையும் சேர்க்காதே. புத்தர் அதற்கு மறுத்துப் பேசவில்லை. அப்படியே சட்டமாக வைத்துவிட்டார். சங்கத்தில் சேர வருகிறவர்களை, அப்பா அம்மா உத்தரவு வாங்கினாயா என்று கேட்பதும் விதி. பெண்களிடமும் கேட்க வேண்டும் என்றே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது கடையில் ஆள் நின்றது. ஒரு கிலோ பாசிப்பயறு கேட்டவருக்குக் கொண்டைக்கடலையைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்பது உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான். வேறு ஒன்றும் இல்லை.

புத்தர் வாக்கைத் தொகுத்த தம்மபதத்தில் ஒரு இடம் இருக்கிறது. எனக்குப் பிள்ளைகள் உண்டு, எனக்குப் பொருள் உண்டு என்று மூடன் அல்லல்படுகிறான், தானே தனக்குச் சொந்தமில்லை, பிள்ளை ஏது, பொருள் ஏது? சரி, ஒத்துக்கொள்கிறேன். தானே தனக்குச் சொந்தமில்லாத இந்த மூடன்தான் கோயம்புத்தூரில் உனக்கு நாலு வருஷம் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டினான் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள். கோபமாக எழுதவில்லை, அப்படித் தெரிந்தால் விட்டுவிடு.

வீட்டில் இருந்துகொண்டே இந்த வழியில் நடந்தவர்களைப் பற்றி யாரும் உனக்குச் சொன்னார்களா? புத்தர் தங்க ஜேதவன மடத்தைக் கட்டிக்கொடுத்த அநாதபிண்டிகர் வியாபாரி. விசாகை என்று ஒரு அம்மாள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றுப் பேரன் பேத்தி எடுத்தவள், சிராவஸ்தியில் துறவிகள் தங்க ஒரு விகாரையே கட்டினாள். புத்தர் வழியை அவளிடமிருந்து புரிந்துகொண்டு மாமனாரே அவளை அம்மா என்று கூப்பிட்டாராம். நம்ம கடையில் கணக்குப் பார்க்கிற அண்ணன் வீட்டில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் புத்தர் படம் இருக்கும், பார்த்திருப்பாய். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் மனைவியோடு சேர்ந்துதான் தம்மத்தை, அதாவது புத்தர் வழியை ஏற்றார், கூட வந்த லட்சக்கணக்கான ஜனங்களும் பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள்தான் என்று அண்ணன் சொன்னார். வந்தவர்கள் யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை, வீடு திரும்பி வேலைக்குத்தான் போனார்கள் என்றார். யாரோடும் உன்னைப் பற்றி நான் பேசவில்லை. அவராகத்தான் சொன்னார்.

சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குகிறார். உனக்கும் அன்று விரத நாள்தான், இருந்துகொள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கடை வாசலில் வழக்கம்போலப் பானகம் ஊற்றுகிறோம், போன வருஷம் ஆள் போதவில்லை. லீவு கிடைக்குமா என்று பார். டிக்கெட் போட்டால் அம்மா போனுக்கு அனுப்பு, என் போன் சரியில்லை. ராத்திரி சாப்பிடு. தோசையாவது சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: விருதுநகர்க்காரர் மறுபடியும் போன் செய்தார். பிள்ளை இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகிற பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டார். அவருக்கு என்ன சொல்லட்டும்?