மிஞ்சிய சோறும் நேரச்சீட்டும்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

விருந்துச் சாப்பாட்டோடு நாங்கள் அனுப்பும் நேரச்சீட்டில் சமைத்து முடித்த நேரம் இருக்கும். அதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். சிங்கப்பூர் உணவு அமைப்பு உணவு விநியோகிப்பாளர்களுக்கு வைத்திருக்கும் விதி இது. "மத்தியானம் வந்த பிரியாணிதானே, ராத்திரி சூடாக்கிச் சாப்பிட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறீர்கள்.

சோற்றில் வம்பு செய்வது பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா. மண்ணில் வாழ்வது, அரிசியோடு சேர்ந்தே வந்துவிடும். கொதியில் கிருமி செத்தாலும் அதன் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, செரூலைடு என்ற நச்சை உண்டாக்கும். பிரஷர் குக்கரின் 120 டிகிரிச் சூட்டுக்கே அசையாத நச்சு அது, மைக்ரோவேவ் எம்மாத்திரம்? சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் என்பீர்கள். அது நீரூற்றிப் புளிக்க வைத்தது. புளிப்பு ஏற ஏற இந்தக் கிருமிக்கு வளர்ச்சி தடைப்படும். தட்டில் மூடிக் கிடக்கும் நெய்ச்சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

ஆட்டுக்கறிக் குழம்பின் கதை வேறு. பெரிய பானையில் மேலே ஆறினாலும் நடுவில் சூடு நிற்கும், காற்றும் புகாது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியாவுக்கு அதுதான் சொர்க்கம்: 45 டிகிரியை ஒட்டி, பத்தே நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றை முறுக்கிப் பேதி. இது பெரும்பாலும் குடலுக்குள் போன பிறகே நச்சை விடுவதால், நன்றாகக் கொதிக்க வைத்தால் பயன் உண்டு. கையிலிருந்து வடையிலும் கேசரியிலும் ஒட்டும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் நச்சோ கொதிக்க வைத்தாலும் அழியாது.

வீட்டில் நீங்கள் சமைத்ததை எடுத்து வைப்பதானால், பானையோடு ஆறவிடாதீர்கள். அகலத் தட்டில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் பரப்பி, 60 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் இறக்க வேண்டும். நம் ஊரில் அறைச் சூடே 30 டிகிரியை ஒட்டி இருப்பதால் மேசையில் வைத்தால் 21-ஐத் தொடவே தொடாது. ஆவி அடங்கியதும் குளிர்பெட்டிக்குள் போகட்டும். திரும்ப எடுக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரியைத் தாண்டும்வரை சூடாக்குங்கள், ஒரே முறைதான்.

குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் எவருக்காவது வாந்தி பேதி நிற்காவிட்டால், அல்லது யாருக்கானாலும் மலத்தில் ரத்தமோ கடுங்காய்ச்சலோ கண்டால், மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

புளோக் கீழ்த்தளத்தில் விருந்து முடிந்ததும் மிச்சத்தைப் பொட்டலம் கட்டச் சொன்னால் எங்கள் ஆட்கள் மறுப்பார்கள். அவர்களைக் கோபிக்க வேண்டாம். விருந்தினர் மத்தியானமும் இரவும் பிரிந்து வருவதானால் 2 நாள் முன்னதாகச் சொல்லுங்கள். இரண்டு தடவையாகச் சமைத்து, தனித்தனிச் சீட்டோடு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
சமையற்கூடப் பொறுப்பாளர்கள்
லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்