எத்தனை பேப்பர் என்று கேள்

அன்புள்ள கயல்,

ஜூனில் உன் கல்லூரியில் வகுப்பு அட்டவணை போட உட்காருவார்கள். அதற்குள் இதைப் படித்துவிடும்மா.

பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிமுறைப்படி உன்னைப் போன்ற உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. எல்லோரும் இந்த மணிக்கணக்கைத்தான் பேசுவார்கள். நீ எத்தனை பேப்பர், அதாவது எத்தனை பாடம், என்று பார். புதிதாக எடுக்கும் பேப்பர் என்றால் ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது தயாரிக்க வேண்டியிருக்கும். அப்படி நாலு பேப்பர் தலையில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். அதே 16 மணியை இரண்டு பேப்பர், மீதி செய்முறை வகுப்பு என்று வாங்கினால் ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும். வாங்கிய பேப்பரை மூன்று வருடமாவது கைமாறவிடாதே. முதலாமாண்டு வகுப்பையும் கேட்டு வாங்கு. தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகளை முதல் இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் பிறகு எட்டிப் பிடிக்க அவர்கள் படும் பாடு பெரிது.

காலி மணிகள் சிதறிக் கிடந்தால் பயனில்லை. நுண்ணோக்கியை எடுத்து ஸ்லைடு தயாரிப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். கிழமைக்குப் பதிலாக முதல் நாள், இரண்டாம் நாள் என்று சுழலும் டே ஆர்டரில் இரண்டு நாளாவது கடைசி மூன்று மணியும் சேர்ந்தாற்போல் காலியாக இருக்கட்டும். இடையில் விடுமுறை வந்தால் டே ஆர்டர் நகர்ந்துவிடும், அதனால் வெளி ஆய்வகத்தில் 'புதன்தோறும் வருகிறேன்' என்று சொல்லி வைக்காதே.

இறுதியாண்டு புராஜெக்டைத்தான் நிறையப் பேர் வீணடிக்கிறார்கள். குழுவுக்கு ஒரு தலைப்பு கொடுத்தால் மே மாதத்தில் பைண்டு செய்த பத்துப் புத்தகம்தான் மிஞ்சும். எல்லாக் குழுவுக்கும் ஒரே கேள்வி கொடு: வளாகத்து வேம்பும் புங்கையும் எப்போது மொட்டு விடுகின்றன, எப்போது பூக்கின்றன, எப்போது காய்க்கின்றன? 40 மரத்துக்கு எண் தகடு கட்டி, வாரம் ஒருமுறை ஒரே படிவத்தில் குறிக்கச் சொல். 'பூத்திருக்கிறது' என்று ஒருவர் எழுதுவதை இன்னொருவர் 'மொட்டு' என்பார். அதனால் ஒரே மரத்தை இருவர் தனித்தனியே பார்த்து எழுதட்டும். மூன்று பேட்ச் முடிந்தால் ஒரு கட்டுரைக்கான தரவு சேரும். அந்தப் பிள்ளைகளின் பெயரும் அதில் வரவேண்டும்.

ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டு பணம் கேட்கும் இதழுக்கு எதையும் அனுப்பாதே. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லிவந்த யூஜிசி கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது; இதழின் ஆசிரியர் குழுவை நீயேதான் சோதிக்க வேண்டும்.

பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில், உனக்கு ஒதுக்கிய வகுப்பில் 80 விழுக்காடாவது எடுத்திருந்தால்தான் 'நன்று'. 70க்குக் கீழே போகவே கூடாது. கருத்தரங்குக்குப் போனால் ஈடுகட்டிய வகுப்பை அன்றைக்கே பதிவேட்டில் ஏற்று.

அட்டவணை கைக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பு. சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா